மதலேனாள் கதவைத் திறக்கும் காட்சி

ராயப்பர் குடிகாட்டில் பாலன் பிறக்காத கிறிஸ்மஸ் வேண்டுமானால் வரலாம், பிலவேந்திரன் கூத்து இல்லாத கிறிஸ்மஸ் வராது. பஸ்ஸில் வரும்போது அடைக்கலமேரி தன் புருஷனிடம் இப்படித்தான் சொன்னாள். தர்மராஜ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "நாளும் கிழமையுமா வாயக் கொஞ்சம் அடக்கு" என்றான்.

உலகச் சண்டை முடிந்த வருஷம் அது. பெட்ரோல் இன்னும் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரும் பஸ்ஸைக் கரிவாயுவில் ஓட்ட, அதன் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அது இழுக்க மாட்டாமல் இருமும்போதெல்லாம் ஆட்கள் இறங்கி நடந்தார்கள். தர்மராஜுக்குப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் உத்தியோகம். அடைக்கலமேரி அங்கேயே மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணம் ஆன நாளிலிருந்து கிறிஸ்மஸுக்குத் தாய்வீட்டுக்கு வர ஒத்துவரவில்லை. ஒரு வருஷம் அவனுக்கு லீவு கிடைக்காது, இன்னொரு வருஷம் ஊரில் காலரா என்பார்கள். உண்மையில் அவளுக்கும் வர மனசில்லை. இந்த வருஷம் மகள் பிலோமினா பிடித்த பிடிவாதம்தான் இழுத்துக்கொண்டு வந்தது.

"தாத்தா கோழியத் தூக்கிக்கிட்டு ஓடுவாராம்மா?" என்று பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள் பிலோமினா.

"ஓடுவாரு."

"கோழி கொத்துமா?"

"கோழிக்குத் தெரியும் அது நாடகம்னு. கொத்தாது."

பிலவேந்திரன் கூத்து என்பது எந்தக் காலத்திலோ இருந்த ஒரு பங்குச்சாமியார் எழுதிவைத்த நாடகம். திருநாள் அன்று ஜனங்கள் கள்ளுக்கடைப் பக்கம் போகக்கூடாது என்பதற்காக எழுதியது. கள்ளுக்கடைக்குப் போகிறவனைப் பார்த்துச் சிரிக்க ஊரே கூடும். சிரித்து முடித்ததும் பாதி ஊர் கள்ளுக்கடைக்குப் போகும். சாமி எழுதியது அந்த அளவுக்குப் பலித்தது.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் பிலவேந்திரனின் மனைவி மதலேனாள், பலகாரத்துக்கு வெல்லமும் பிள்ளைகளுக்குத் துணியும் வாங்கி வரச்சொல்லி அவனைச் சந்தைக்கு அனுப்புகிறாள். அவன் காசு எல்லாவற்றையும் குடித்துவிட்டு, எவனிடமோ பந்தயத்தில் ஜெயித்த ஒரு சேவலோடு வருகிறான். மனைவி விளக்குமாற்றோடு துரத்த, குதிருக்குள் ஒளிகிறான், பாய்க்குள் ஒளிகிறான். கடைசியில் பிள்ளைகள் கட்டி வைத்திருக்கும் கிறிஸ்மஸ் குடிலுக்குள் புகுந்து, இடையர் சுரூபம்போல அசையாமல் நிற்கிறான். ஊர்க்காரர்கள் வந்து மெழுகுவர்த்தி கொளுத்தி அவன் காலைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். தும்மிவிடுகிறான். மனைவி அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். அப்போது அவன் வாசலில் முட்டிபோட்டு, அந்த வட்டாரம் முழுக்கத் தெரிந்த அந்த வசனத்தைச் சொல்கிறான்:

"மதலேனா, அன்று பெத்லேமிலே சேசு பாலனுக்குச் சத்திரத்திலே இடமில்லை என்றார்கள். இன்று இந்தப் பிலவேந்திரனுக்கு உன் வீட்டிலும் இடமில்லையா?"

மதலேனாள் கதவைத் திறந்து அழுவாள். "நாதா, பாவியாகிய என்னை மன்னியுங்கள். என் வீடும் நெஞ்சமும் தங்களுக்கு என்றும் திறந்தே இருக்கும்" என்பாள். மேளம் முழங்கும், இறக்கை கட்டிச் சம்மனசு வேஷம் போட்ட பிள்ளைகள் பாடுவார்கள், எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

குடித்தவன் அவன். மன்னிப்புக் கேட்பவள் அவள். சின்ன வயதில் அடைக்கலமேரிக்கு இது கண்ணில் படவே இல்லை. முன்வரிசையில் மணலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள். பிலவேந்திரனாக வேஷம் கட்டியவர் அவளுடைய அப்பா சிங்கராயர். வேறு யாருக்கும் அந்த வேஷம் கொடுப்பதைப் பற்றி ஊரில் யாரும் நினைத்ததில்லை. அவருக்கு நடிக்கவே வேண்டியதில்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

அந்த வசனம் மேடையோடு நிற்கவில்லை. திருமானூரில் கரும்பு போட்டுவிட்டு வரும் நாட்களில் சிங்கராயர் நேராக வீட்டுக்கு வரமாட்டார். பொழுது சாய வந்து, தெருவில் நின்று, முழங்காலில் விழுந்து, "அன்று பெத்லேமிலே" என்று ஆரம்பிப்பார். அண்டை அயல் எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். சிரிப்பு கிளம்பும். அதற்குமேல் சூசையம்மாள் கதவைத் திறக்காமல் என்ன செய்வாள்.

ஒருமுறை திறக்காமல் இருந்து பார்த்தாள். அடைக்கலமேரிக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். சூசையம்மாள் கன்றாக வாங்கிப் புல்லறுத்துப் போட்டு வளர்த்த கிடேரி சினைப்பட்டிருந்த நேரம். அதை அவர் அரியலூர் சந்தையில் விற்றுவிட்டு வந்து நின்றார். சூசையம்மாள் கதவில் முதுகைச் சாய்த்து உள்ளே உட்கார்ந்துகொண்டாள். வெளியே வசனம் நடந்தது. "தொறந்து வுடு சூசை, பாவம், என்ன அழகா கேக்குறாரு பாரு" என்றது எதிர்வீடு. "ஆம்பளைய இம்புட்டு நேரமா முட்டி போட வைக்கிறது" என்றது பக்கத்து வீடு. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அடைக்கலமும், தும்மல் வருவதுபோல அவர் குரலை இழுத்த விதத்தைக் கேட்டு அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். சூசையம்மாள் ஒருதரம் திரும்பி மகளைப் பார்த்தாள். பிறகு எழுந்து கதவைத் திறந்தாள்.

அதெல்லாம் இப்போது பேசி என்ன ஆகப்போகிறது என்றுதான் அடைக்கலமேரி ஊருக்கு வந்தாள். அம்மாவுக்கென்று கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலை வாங்கி வந்திருந்தாள். துணிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் அப்படி ஒரு சேலை கிடைக்க, கூட்டத்தில் இடிபட்டு நின்று வாங்க வேண்டியிருந்தது. திருநாள் பூசைக்கு அதைக் கட்டிக்கொண்டு போன சூசையம்மாளை, கோயிலில் பெண்கள் முந்தானையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் கூத்துக்குக் கிளம்பும்போது பார்த்தால், அம்மா பழைய சுங்கடிச் சேலையோடு வந்து நின்றாள்.

"புதுசு எங்கம்மா?"

"அது எதுக்கு மண்ணுல உக்காருறதுக்கு" என்று சொல்லிவிட்டு சூசையம்மாள் முன்னால் நடந்தாள்.

கோயிலுக்கு எதிரே மூங்கிலும் கீற்றுமாக மேடை. இரண்டு ஜமக்காளங்களை இழுத்துக் கட்டியதுதான் திரை. பொழுது மறையும்போதே பெட்ரோமாக்ஸ் ஏற்றிவிட்டார்கள். மண்ணெண்ணெய்க்கு ஊரெல்லாம் திண்டாடிக்கொண்டிருக்க, கூத்துக்கு மட்டும் பங்குச்சாமி எப்படியோ ஒரு டின் சேர்த்துவிட்டார். முன்னால் இரண்டு நாற்காலி. ஒன்றில் சாமி, மற்றதில் திருமானூர் மிராசுதார். அவர் வேதக்காரர் இல்லை. ஆனாலும் வருஷம் தவறாமல் வண்டி கட்டிக்கொண்டு வருவார். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். சிரிக்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னாலேயே சிரித்துவிடுவார்.

திரை விலகியது. மதலேனாள் முறத்தோடு வந்தாள். அடைக்கலமேரிக்கு முறம் கண்ணில் படவில்லை. மதலேனாளாக வேஷம் கட்டிய தையற்காரர் செல்லப்பன் உடம்பில் அந்தக் கத்தரிப்பூச் சேலை இருந்தது.

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சூசையம்மாள் மேடையையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "மதலேனாளுக்கு இந்த வருசம் நல்ல சேலை ஒண்ணும் இல்லியாம். ஒங்கப்பாரு கேட்டாரு."

"குடுத்துட்டியா?"

"கேட்டுக்கிட்டா எடுத்தாரு. எடுத்துட்டுக் கேட்டாரு."

பிறகு சேவல் வந்தது. அதுவும் வீட்டுச் சேவல்தான். முட்டைக்கு விட்டிருந்த கோழிகளுக்குத் துணையாக இருந்தது. சிங்கராயர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கால் பின்னப் பின்ன, ஒரு பக்கம் மீசை தொங்க வந்து நின்றார். வாயைத் திறக்கவில்லை, ஊர் அதற்குள் விழுந்து சிரித்தது. பிலோமினா எழுந்து நின்றே விட்டாள். தர்மராஜ் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

"என்னத்தக் கண்டுட்டிங்க இப்ப?" என்றாள் அடைக்கலமேரி.

"இல்ல புள்ள, அந்த நடையப் பாரு. அசல் குடிகாரன் நடை."

"அசல்தான். மத்தியானத்துலேருந்து அதுக்குத்தான் ஒத்திகை பாத்தாரு."

தர்மராஜ் சிரிப்பை நிறுத்தினான். கொஞ்ச நேரம்தான். சிங்கராயர் குதிருக்குள் தலைகீழாக விழுந்ததும் மறுபடி சிரித்துவிட்டான். நல்ல மனுஷன், குடிப்பழக்கம் இல்லாதவன். அப்படிப்பட்டவன்கூட இதைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்கிறான். அடைக்கலமேரி சுற்றிலும் பார்த்தாள். எதிர்வீட்டு மருதாயி சிரித்தாள். அவள் புருஷன் போன மாதம் அவள் கையை முறித்திருந்தான், கட்டு இன்னும் அவிழவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல கையால் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். சர்க்கரை கிடைக்காமல் வெறும் மாவை வேகவைத்துத் திருநாள் கொண்டாடிய பெண்கள் எல்லாரும், வெல்லத்தைக் குடித்துத் தொலைத்தவனைப் பார்த்துச் சிரித்தார்கள். இவர்களுக்கு எல்லாம் என்ன வந்தது என்று அவளுக்கு இருந்தது. அப்பா மேல் வந்த கோபத்தைவிட இவர்கள் மேல் வந்த எரிச்சல்தான் அதிகம்.

சூசையம்மாள் சிரிக்கவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. உலையை இறக்கும் நேரம் பார்த்துக்கொண்டிருப்பவளைப்போல உட்கார்ந்திருந்தாள்.

குடிலுக்குள் சிங்கராயர் இடையராக நிற்கப்போகும் காட்சிக்கு முன்னால் திரை போட்டார்கள். கோயிலில் மணியடிக்கும் கோயில் பிள்ளை ஓடிவந்து அடைக்கலமேரி முன்னால் குனிந்தார்.

"டீச்சரம்மா, சாமி ஒங்கள மேடைக்குப் பின்னால வரச்சொன்னாரு. உபதேசியாருக்கு முறைக்காய்ச்சல் வந்து ஒதறிக்கிட்டுக் கெடக்காரு. வசனம் எடுத்துக் குடுக்க ஆளில்ல. ஒங்களுக்குத்தான் பூராவும் மனப்பாடமாமே."

"வேற ஆளப் பாருங்க."

"எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆளுங்க எல்லாம் வேசத்துல இருக்காங்க டீச்சரம்மா. செல்லப்பனுக்கு எடுத்துக் குடுக்காட்டி ஒரு வார்த்தை வராது."

"போயிட்டு வா, சாமி கூப்புடுறாரு" என்றான் தர்மராஜ். அவள் அம்மாவைப் பார்த்தாள். சூசையம்மாள், "போ. அங்கேருந்து பாத்தா வேற மாதிரி தெரியும்" என்றாள்.

மேடையின் ஓரத்தில் ஒரு தட்டி. அதற்குப் பின்னால் ஒரு முக்காலி, ஒரு லாந்தர். உபதேசியார் ஒரு கிழிந்த போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். அடைக்கலமேரி வசன நோட்டைப் புரட்டக்கூட இல்லை. எல்லாம் நாக்கிலேயே இருந்தது. தட்டியின் சந்து வழியே மேடையும் தெரிந்தது, முன்னால் உட்கார்ந்திருந்த முகங்களும் தெரிந்தன.

குடில் காட்சி நன்றாகத்தான் நடந்தது. மெழுகுவர்த்தி, கும்பிடு, தும்மல். ஒவ்வொரு சிரிப்புக்கும் மேடைக் கீற்று அதிர்ந்தது. செல்லப்பன் ஒவ்வொரு வரிக்கும் தட்டிப் பக்கம் ஒருக்களித்து நின்று, அவள் மெதுவாகச் சொன்னதை அப்படியே பெண்குரலில் பெரிதாகச் சொன்னார். சொந்தமாக ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை. பக்கத்தில் பார்க்கும்போது சேலையில் மைக்கறை தெரிந்தது. சேவல் பிறாண்டிய இடத்தில் முந்தானை கிழிந்திருந்தது.

பிலவேந்திரனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். மூங்கில் சட்டத்தில் காகிதம் ஒட்டிய கதவு. சிங்கராயர் மேடையின் முன்னால் வந்து முட்டிபோட்டார். கூட்டம் அமைதியானது. இரண்டு கைகளையும் விரித்து, தொண்டையைக் கனிய வைத்து, அந்த வசனத்தைச் சொன்னார். "உன் வீட்டிலும் இடமில்லையா?" என்று அவர் இழுத்து முடித்ததும் சில பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

செல்லப்பன் தட்டிப் பக்கம் காதைக் கொடுத்தார்.

"இடமில்லை" என்றாள் அடைக்கலமேரி.

செல்லப்பன் கண்ணை உருட்டினார்.

"சொல்லுங்க. இடமில்லை."

செல்லப்பன் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கணீரென்று சொன்னார்: "இடமில்லை."

பிறகு பின்வரிசையில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள், அது அப்படியே முன்னால் பரவி வந்தது. மிராசுதார் சிரிக்க வேண்டிய இடம் தெரியாமல் சாமியைப் பார்த்தார். சிங்கராயர், செல்லப்பன் வரியை விட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டார். பல்லைக் கடித்து, "நெஞ்சமும் திறந்தே, நெஞ்சமும் திறந்தே" என்று முனகிவிட்டு, வசனத்தை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக.

அடைக்கலமேரி யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. வாயில் வந்தது, எடுத்துக் கொடுத்தாள். செல்லப்பன் அதையும் ஒரு எழுத்து விடாமல் சொன்னார்:

"வீட்டிலே இடமில்லை. கொட்டில் காலியாய்க் கிடக்கிறது, அங்கே போய்ப் படும். அங்கிருந்த கிடேரியைத்தான் விற்றுவிட்டீரே."

ஊர் வெடித்துச் சிரித்தது. பிலவேந்திரனுக்குக் கிடேரி கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். யாருக்கு இருந்தது என்பதும் தெரியும். மருதாயி கட்டுப்போட்ட கையை மறந்து கைதட்டப் போய் "ஐயோ" என்றாள்.

சிங்கராயர் எழுந்தார். தட்டியின் பக்கம் பார்த்தார். உள்ளே இருப்பது யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மேடைக்கு உரிய தொண்டை போய், தெருவுக்கு உரிய தொண்டை வந்தது. காகிதக் கதவை ஒரு குத்துக் குத்தினார்.

"சூசை, கதவத் தொற. ஊரு பாக்குது."

மதலேனாள் என்று சொல்லவில்லை. சூசை என்றுதான் சொன்னார். அவர் வாயிலிருந்து விழுந்துவிட்டது. சிரிப்பு பட்டென்று நின்றது. எல்லாத் தலைகளும் மேடையை விட்டுத் திரும்பி, பழைய சுங்கடிச் சேலையோடு மணலில் உட்கார்ந்திருந்த சூசையம்மாளைப் பார்த்தன. சாமியும் நாற்காலியில் திரும்பிப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்லவேண்டும் என்பதுபோல எல்லாரும் காத்திருந்தார்கள்.

சூசையம்மாள் சாமியைப் பார்த்து மரியாதையாகச் சொன்னாள்: "எனக்கு இதுல வேசம் கெடையாதுங்க சாமி."

அந்த அமைதியில் அது கடைசி வரிசை வரை கேட்டது. அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பில் திரையை யார் இழுத்தார்கள், மேளத்தை யார் அடித்தார்கள் என்றே தெரியவில்லை. சம்மனசு வேஷப் பிள்ளைகள் பாடவேண்டிய பாட்டைப் பாடாமல், தாங்களும் சிரித்துக்கொண்டே திரைக்கு வெளியே வந்து விழுந்தார்கள்.

சாமி பின்பக்கம் வந்தார். முகம் சிவந்திருந்தது. "யாரு மாத்துனது? மன்னிப்பு இல்லாம இது என்ன கிறிஸ்மஸ் நாடகம்?"

செல்லப்பன் காதோலையைக் கழற்றிக்கொண்டே, "தோத்திரம் சாமி. மறந்து போச்சுங்க. வாய்க்கு வந்தத ஒளறிட்டேன்" என்றார்.

சாமி அடைக்கலமேரியையும் லாந்தரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் மிராசுதார் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தினி வருசத்துல இப்படிச் சிரிச்சதில்ல சாமி" என்று அவர் சொன்னதும், சாமியின் கோபம் எங்கே போவதென்று தெரியாமல் நின்று, பிறகு அடங்கிவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு செல்லப்பன் சேலையை மடித்துக் கொண்டுவந்து நீட்டினார். "கிழிசல நான் தச்சுக் குடுத்துடுறேன் டீச்சரம்மா. தையல் தெரியாமத் தைப்பேன்."

"நீங்க ஏன் மாட்டிக்கிட்டீங்க? நான் சொன்னத சொல்லாம விட்டிருக்கலாமே."

செல்லப்பன் முகத்தில் இன்னும் பாதி அரிதாரம் இருந்தது. "அந்தப் பாவியாகிய என்னை மன்னியுங்கள்ங்கிற வரி எந்த வருசமும் எனக்கு மனப்பாடம் ஆனதில்லிங்க. என்னமோ நாக்குல ஒட்டாது. எடுத்துக் குடுத்தாச் சொல்லுவேன். நீங்க எடுத்துக் குடுத்தது சுலுவா வந்துச்சு" என்றார்.

சிங்கராயரை அதற்குள் ஆம்பிளைகள் தோளில் தூக்கிக்கொண்டு திருமானூர்ப் பக்கம் கள்ளுக்கடைக்குப் போய்விட்டார்கள். அன்று அவர் வீட்டுக்கு வரவில்லை.

மறுநாள் காலையில் தர்மராஜ் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி லீவு முடிந்திருந்தது. சூசையம்மாள் அடுப்பில் விறகைத் தள்ளியபடி மகளிடம் பேசினாள். கூத்து முடிந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நாலு பேரு முன்னால கிடேரிய எதுக்கு இழுத்த?"

"பொய்யா சொன்னேன்?"

"ஒனக்கு இன்னிக்கு பஸ் இருக்கு. ஏறிப் போயிடுவ. எனக்கு இந்த வூடு இருக்கு."

அடைக்கலமேரிக்குச் சுருக்கென்றது. "அப்ப நீயும் வா. யாரு வேண்டாம்னது? பத்து நாள் இருந்துட்டு வா."

"அந்த மனுசனுக்குக் கஞ்சி யாரு ஊத்துறது?"

அம்மாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு அடைக்கலமேரி பிலோமினாவுக்குத் தலைவாரப் போனாள். வேண்டுமென்றே இழுத்து வாரினாள். பிள்ளை கத்தியது.

அப்போதுதான் சிங்கராயர் வந்தார். கூட நான்கைந்து பேர். கண் சிவந்திருந்தாலும் நடை நிமிர்ந்திருந்தது. வாசலில் உட்கார்ந்து, எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி பேசினார்.

"மாப்ள, ராத்திரி எப்படி இருந்துச்சு? ஒரே முடிவையே எத்தினி வருசம் பாக்குறது. அதான் செல்லப்பன்கிட்ட ரெண்டு நாளைக்கு முன்னயே சொல்லி வச்சேன். இடமில்லன்னு சொல்லுடா, ஊரு கலங்கிப்போயிடும்னேன். சூசைன்னு கூப்புட்டதும் நம்ம யோசனைதான். சாமி அடுத்த வருசமும் இப்படியே வச்சுக்கலாம்னுட்டாரு."

"அட, பெரிய ஆளுய்யா நீங்க" என்றார் கூட வந்தவர்களில் ஒருவர்.

தர்மராஜ் பெட்டிக் கயிற்றை முடிச்சுப்போட்டபடி தலையைக் குனிந்துகொண்டான். அடைக்கலமேரி சீப்பைக் கீழே வைத்தாள். வாயைத் திறப்பதற்குள், சூசையம்மாள் கஞ்சிச் செம்போடு வெளியே வந்தாள். புருஷன் முன்னால் செம்பை வைத்தாள். ஊறுகாயை வைத்தாள். நிமிர்ந்து நின்று கேட்டாள்:

"அந்த வார்த்தையும் ஒங்களுதுதானா?"

"எந்த வார்த்தை?"

"இடமில்லங்கிறது."

"பின்ன யாருது?" என்று சிரித்தார் சிங்கராயர். கூட இருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

சூசையம்மாள் உள்ளே போனாள். கொடியில் கிடந்த இரண்டு சேலைகளை உருவினாள். அஞ்சறைப்பெட்டியிலிருந்து எதையோ எடுத்து முந்தியில் முடிந்தாள். ஒரு மஞ்சள் பைக்குள் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு வெளியே வந்து, மகளைப் பார்த்து, "எந்த பஸ்ஸு? நேரமாயிடாதா?" என்றாள்.

சிங்கராயருக்கு முதலில் அது வேடிக்கையாகத்தான் பட்டது. "மதலேனா எங்க கிளம்பிட்டா?" என்று குரலை இழுத்தார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் தெருமுனை திரும்பும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு எதைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியவில்லை.

பத்து நாளுக்கென்று புறப்பட்ட சூசையம்மாள், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வரை, இரண்டு மாதத்துக்கு மேல் பெரம்பலூரில் இருந்தாள். சிங்கராயர் இரண்டு தரம் ஆள் அனுப்பினார். கடைசியில் தானே வந்து, ஆஸ்பத்திரி வாசல் மரத்தடியில் மாப்பிள்ளையைப் பிடித்து, சாதாரணக் குரலில், தான் குடிப்பதையும் கஞ்சி காய்ச்சத் தெரியாததையும் சொல்லி, அவளைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். அது பிற்பாடு நடந்தது.

அன்றைக்கு அரியலூர் தாண்டி ஒரு மேட்டில் கரி பஸ் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கி நடந்தார்கள். பிலோமினா அப்பாவின் தோளில் ஏறிக்கொண்டு, சேவல்போலக் கூவிக்கொண்டே போனாள். சூசையம்மாள் மஞ்சள் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடந்தாள். அரியலூருக்கு மேற்கே அவள் வந்ததே இல்லை. வழியில் இருந்த கடலைக் கொல்லைகளை, விலை பேச வந்தவளைப்போலப் பார்த்துக்கொண்டு போனாள். அடைக்கலமேரி எட்டி நடந்து பக்கத்தில் வந்தாள். அம்மாவைப் பாராட்டத் தோன்றியது. பாராட்டினால் திட்டு விழும்.

"பெரம்பலூர்ல கொட்டாய் போட்டு டாக்கீஸ் நடத்துறானாமே, மாப்ள சொன்னாரு" என்றாள் சூசையம்மாள், திரும்பிப் பாராமலே.

"ஆமாம்மா. இப்ப ஏதோ சிரிப்புப் படம் ஓடுது. கூட்டிட்டுப் போறேன்."

"சிரிப்புப் படம் வேண்டாம்" என்றாள் அம்மா. "அழுவுற படம் வந்தாச் சொல்லு. கொஞ்சம் நிம்மதியா ஒக்காந்து பாத்துட்டு வருவம்."